துப்பாக்கி சுடும் போட்டி: தொடக்கநிலையினருக்கு ஏற்ற சாதனத் தேர்வு

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றில் இந்தியர் ஒருவர் தனிநபர் போட்டியில் பெற்ற முதல் தங்கம் அது. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றார். முன்னவருக்குத் தம் வீட்டிலேயே சுடுதளம் அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. பின்னவர் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தின் வழியாக உருவாகி, ரயில்வேயில் பணியில் அமர்ந்தவர். இவ்விளையாட்டு இனிச் செல்வர்களுக்கு மட்டுமே உரியதன்று என்பதை இவ்விரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகள் மெய்ப்பித்துள்ளன.

எனினும் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சேமிப்பைக் கரைக்கும் ஆற்றல் இவ்விளையாட்டுக்கு இன்றும் உண்டு. வெளிநாட்டில் தயாராகும் தரமான போட்டி ரைபிள் ஒன்றின் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. பிள்ளையின் ஆர்வத்தைக் கண்ட பெற்றோர் கடன் வாங்கியேனும் துப்பாக்கியை முதலில் வாங்கிவிடுகின்றனர். ஓராண்டில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. அல்லது ஆர்வம் குன்றுகிறது. அல்லது வாங்கிய கருவி அவ்வுடலுக்குப் பொருந்தாதது எனப் பயிற்சியாளர் கூறுகிறார். எப்பொருளை, எப்போது, எவ்வரிசையில் பெறுவது என்ற அறிவு இருப்பின் இவ்விழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

அரை மில்லிமீட்டர் இலக்கு

சாதனங்களைத் தேர்ந்தெடுக்குமுன் போட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். தொடக்கநிலையினர் பெரும்பாலோர் சேரும் பிரிவு பத்து மீட்டர் காற்று ரைபிள் ஆகும். போட்டியாளர் நின்ற நிலையில், எதன்மீதும் சாயாமல், 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி 60 குண்டுகள் சுட வேண்டும். மின்னணு இலக்குகள் உள்ள தளத்தில் இதற்கு 75 நிமிடம் அளிக்கப்படுகிறது. பெண்களுக்கு முன்பு 40 குண்டுகளே விதிக்கப்பட்டிருந்தன. 2018 முதல் இருபாலருக்கும் எண்ணிக்கை ஒன்றே.

இலக்கின் முழு விட்டம் 45.5 மில்லிமீட்டர். அதனுள் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் மட்டுமே. குண்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர் ஆதலால் அதன் விளிம்பு அப்புள்ளியைத் தொட்டாலும் பத்து கிடைக்கும். அதாவது குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும். இன்றைய விதிப்படி ஒரு குண்டுக்கு உச்ச மதிப்பெண் 10.9, அறுபது குண்டுகளுக்கு 654.

துப்பாக்கியின் முன் பார்வைக்கும் பின் பார்வைக்கும் இடையே சுமார் 80 சென்டிமீட்டர் தூரம் உள்ளதாகக் கொள்வோம். அவற்றின் ஒழுங்கில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பிசகு நேர்ந்தால், பத்து மீட்டர் தொலைவில் குண்டு 2.5 மில்லிமீட்டர் விலகிவிடும். பத்தாக இருந்திருக்க வேண்டியது ஒன்பதாகும். இவ்வளவு நுண்ணிய பிசகைக் கட்டுப்படுத்துவது சுடுபவரின் உடல் நிலையும் மனவொருமையுமே. அந்நிலையைக் கெடுக்காமல் துணைநிற்பதே சாதனத்தின் பணி. விலையுயர்ந்த துப்பாக்கி தவறான நிலையைத் திருத்தாது. பொருந்தாத துப்பாக்கியோ சரியான நிலையையும் குலைத்துவிடும்.

முதலில் தளம், பிறகே துப்பாக்கி

தொடக்கநிலையினர் முதலில் நாட வேண்டிய இடம் கடையன்று, சுடுதளமே. இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் நிறுவப்பட்டது. மக்களவையின் முதல் தலைவரான ஜி. வி. மாவ்லங்கர் இதன் தோற்றத்தில் முன்னின்றவர். அவர் பெயரால் நடைபெறும் அகில இந்தியப் போட்டி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் வாயில்களுள் ஒன்றாகும். இச்சங்கத்துடன் இணைந்த மாநிலச் சங்கங்களும் மாவட்ட மன்றங்களும் பல ஊர்களில் இயங்குகின்றன. 1982 ஆசிய விளையாட்டுகளுக்கென டில்லியில் துக்ளகாபாத்தில் அமைக்கப்பட்டு, பின்னர் டாக்டர் கர்ணி சிங் பெயர் சூட்டப்பெற்ற தளம் இவற்றுள் பெரியது. தேசிய மாணவர் படையும் பல தலைமுறை மாணவ மாணவியருக்கு முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்த அமைப்பாகும்.

பெரும்பாலான மன்றங்களில் பயிற்சிக்கெனப் பொதுத் துப்பாக்கிகள் உள்ளன. முதல் ஆறு மாதமேனும் அவற்றைக் கொண்டே பயிலுதல் நலம். அக்காலத்தில் மூன்று செய்திகள் தெளிவாகும். பிள்ளையின் ஆர்வம் நிலையானதா என்பது ஒன்று. ரைபிளா, பிஸ்டலா, எது அவ்வுடலுக்கும் இயல்புக்கும் ஏற்றது என்பது மற்றொன்று. கை நீளம், கழுத்தின் உயரம், தோளின் அமைப்பு ஆகியவற்றுக்கு எத்தகைய துப்பாக்கிக் கட்டை பொருந்தும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் தெரியாமல் செய்யும் செலவு இருட்டில் விடும் குண்டை ஒத்தது.

எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் தொடக்கத்திலேயே அறிய வேண்டும். இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து இடையே சிறு துளை அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள பொருள் ஒன்றை இரு கண்களாலும் நோக்குக. பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைப் பழக்கமுள்ள சிலருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருப்பதுண்டு. அவர்கள் இடத்தோளில் வைத்துச் சுடுவதா, இடக்கண்ணை மறைத்துக்கொண்டு வலத்தோளில் சுடுவதா என்பதைப் பயிற்சியாளருடன் கலந்து முடிவு செய்த பின்னரே துப்பாக்கி வாங்க வேண்டும். ஏனெனில் இடக்கைக்கெனச் செய்த கட்டையை வலக்கைக்கு மாற்ற இயலாத வகைகள் பல உள்ளன.

உடைகளுக்கு முதலிடம்

சொந்தமாக வாங்கத்தக்கவற்றுள் முதலிடம் உடைக்கே. மன்றத்தின் துப்பாக்கியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் உடலுக்குத் தைத்த மேலங்கியைப் பிறர் அணிய முடியாது.

நின்ற நிலையில் சுடுபவர் இடுப்பைச் சற்று முன்தள்ளி, முதுகைப் பின்னே சாய்த்து, இடமுழங்கையை இடுப்பெலும்பின்மீது ஊன்றுகிறார். துப்பாக்கியின் எடை தசைகளின்மேல் விழாமல் எலும்புகளின் வழியே தரையில் இறங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இவ்வாறு வளைந்த முதுகெலும்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் சுமை தாங்குகிறது. கனத்த கித்தான் துணியாலும் தோலாலும் ஆன மேலங்கி அம்முதுகுக்குத் தாங்குதல் அளிக்கிறது. வளரும் வயதினர் மேலங்கி இல்லாமல் நெடுநேரம் பயின்றால் முதுகுவலிக்கு ஆளாகின்றனர். ஆதலால் இது மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி உடல்நலத்துக்கும் உரிய பொருளாகும்.

மேலங்கியின் தடிப்பு ஓரடுக்கில் 2.5 மில்லிமீட்டரை மிகுதல் கூடாது எனப் பன்னாட்டு விதி வரையறுக்கிறது. அதன் விறைப்பும் கருவிகொண்டு அளக்கப்படுகிறது. மேலங்கி உடலைத் தளராது பற்ற வேண்டும். மூச்சைத் தடுத்தல் ஆகாது. நம் நாட்டிலேயே அளவெடுத்துத் தைத்துத் தருவோர் உள்ளனர். இறக்குமதிப் பொருளினும் இது பெரிதும் மலிவு. வளரும் பிள்ளைகளுக்கு ஓரங்களில் விட்டுத் தைக்கச் சொல்வதும், பொத்தான்களை நகர்த்தி அமைக்க இடம் வைக்கச் சொல்வதும் சிக்கனமாகும். கடற்கரையோர ஊர்களின் ஈரக்காற்றில் கித்தான் விரைவில் தளர்ந்துவிடும். பயிற்சி முடிந்ததும் மேலங்கியைப் பையில் திணிக்காமல் நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினால் அதன் ஆயுள் நீளும்.

அடுத்தது காலணி. அடிப்பகுதி தட்டையாகவும் தரையில் நன்கு படிவதாகவும் இருத்தல் வேண்டும். அடித்தோலின் தடிப்புக்கும் வளையும் தன்மைக்கும் விதியில் எல்லை உண்டு. துப்பாக்கியைத் தாங்கும் கைக்குக் கையுறை வேண்டும். அது நாடித்துடிப்பு துப்பாக்கிக்கு எட்டாமல் தணிக்கிறது. கால்சட்டை இவற்றுக்குப் பின்னர் வாங்கத்தக்கது. உடை பற்றிய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்குமுன் நடப்பு விதிநூலைச் சங்கத்தின் வழியே கேட்டறிதல் அவசியம். பழைய விதிப்படி தைத்த மேலங்கி சாதனச் சோதனையில் தள்ளப்பட்டால் போட்டி நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மூவகைத் துப்பாக்கிகள்

காற்று ரைபிளின் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதன் எடை 5.5 கிலோகிராமை மிகுதல் ஆகாது. தொலைநோக்கிப் பார்வை அனுமதிக்கப்படுவதில்லை. துளைப் பார்வையே பயன்படுகிறது. குண்டை உந்தும் முறையைக் கொண்டு இத்துப்பாக்கிகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது சுருள்வில் வகை. குழலை மடக்கியோ நெம்புகோலை இழுத்தோ வில்லை இறுக்குகின்றனர். விசையை அழுத்தியதும் வில் விரிந்து உந்துதண்டைத் தள்ள, அழுந்திய காற்று குண்டைச் செலுத்துகிறது. உள்நாட்டில் செய்யப்படும் மலிவான துப்பாக்கிகள் பல இவ்வகையின. குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே வில்லின் இயக்கத்தால் துப்பாக்கி அதிர்வது இதன் குறை. அடிப்படைப் பாதுகாப்பையும் விசையழுத்தும் முறையையும் கற்பிக்க இது உதவும்; உயர்நிலைப் போட்டிக்குப் போதாது.

இரண்டாவது ஒற்றை அழுத்த வகை. பக்கத்திலுள்ள நெம்புகோலை ஒருமுறை இயக்கினால் ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று அறையில் அழுந்தி நிற்கும். அதிர்வு மிகக் குறைவு. 1980-களில் உலகப் போட்டிகளில் முன்னணியில் நின்றது இவ்வகை. இன்று இவை பெரும்பாலும் பழையனவாகவே கிடைக்கின்றன. காற்று நிரப்பும் வசதியற்ற சிற்றூர் மன்றங்களுக்கு நல்ல நிலையிலுள்ள இத்தகைய துப்பாக்கி இன்றும் ஏற்றதே. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இயக்க வேண்டியிருப்பதால் சிறுவர்க்கு உழைப்பு மிகுதி.

மூன்றாவது முன்னரே காற்று நிரப்பிய வகை. குழலின் கீழுள்ள உருளையில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. ஒருமுறை நிரப்பினால் இருநூறு குண்டுகளுக்கு மேல் சுடலாம். ஒவ்வொரு குண்டின் வேகமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். இன்று உலகெங்கும் போட்டிகளில் பயன்படுவது இதுவே. ஜெர்மனியின் பைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்சுட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆகியவை இதில் பெயர்பெற்ற நிறுவனங்கள். உருளையில் நிரப்பும் காற்று ஈரமும் எண்ணெயும் அற்றதாக இருத்தல் வேண்டும். ஆகவே இவ்வகையை வாங்குமுன் ஊரில் காற்று நிரப்பும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் கைப்பம்பின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொருத்தமே தகுதி

வகையைத் தீர்மானித்தபின் நோக்க வேண்டியது பொருத்தம். அடிக்கட்டையின் நீளம், கன்னம் பதியும் பலகையின் உயரம், கைதாங்கியின் உயரம் ஆகிய மூன்றையும் திருகி மாற்றியமைக்கக் கூடிய கட்டையே வளரும் பிள்ளைக்கு ஏற்றது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்களை மூடி, கன்னத்தைப் பலகையில் இயல்பாகப் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தால் பின் பார்வைத் துளை நேரே தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ சாய்த்தோ தேட வேண்டியிருந்தால் கட்டை பொருந்தவில்லை என்பது பொருள்.

எடை மிகுந்த துப்பாக்கி அசைவின்றி நிற்கும் என்பது உண்மையே. ஆயின் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையில் ஐந்து கிலோகிராம் நிலைக்காது. இளையோருக்கென எடை குறைத்துச் செய்த துப்பாக்கிகள் உள்ளன. அவற்றில் தொடங்கி, உடல் வலுப்பெறும்போது சிறு எடைகளை இணைத்துக் கூட்டிக்கொள்வதே முறை. மரக்கட்டையா, அலுமினியக் கட்டையா என்ற வினாவுக்கு வெற்றி தோல்வியில் பங்கில்லை. மாற்றியமைக்கும் வசதி அலுமினியத்தில் மிகுதி. விலை மரத்தில் குறைவு.

முன் பார்வையில் பொருத்தும் வளையத்தைப் பொறுத்தவரை புதியவர்கள் சிறிய வளையமே துல்லியம் தரும் என எண்ணுகின்றனர். இது தவறு. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெண்மை தாராளமாகத் தெரியும் அளவுக்கு வளையம் பெரிதாக இருந்தால்தான் கண் களைப்படையாது. சிறு அசைவைக் கண்டு மனமும் பதறாது.

பழைய துப்பாக்கியை வாங்குவோர் நான்கு செய்திகளைச் சோதிக்க வேண்டும். உருளையில் பொறித்துள்ள காலவரை முடிந்துவிட்டதா என்பது முதலாவது; காலங்கடந்த உருளை ஆபத்தானது, போட்டியிலும் ஏற்கப்படாது. நிரப்பிய காற்று ஓரிரவு கசியாமல் நிற்கிறதா என்பது இரண்டாவது. பார்வைத் திருகுகள் ஒவ்வொரு சொடுக்குக்கும் சீராக நகர்கின்றனவா என்பது மூன்றாவது. துப்பாக்கியைப் பிடிப்பொறியில் இறுக்கிப் பத்துக் குண்டுகள் சுட்டால் அவை ஒரே துளையாக விழுகின்றனவா என்பது நான்காவது.

குண்டும் அதன் கணக்கும்

போட்டிக்குரிய குண்டு ஈயத்தால் ஆனது. தட்டைத் தலையும் குறுகிய இடையும் உடையது. ரைபிளுக்கு உரியதன் எடை சுமார் அரை கிராம். தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என நுண்ணிய வேறுபாடுகளுடன் விற்கப்படுகிறது. ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் குண்டு வேறு. உயர்நிலை வீரர்கள் பல தொகுதிகளைச் சோதித்துச் சிறந்ததை மொத்தமாக வாங்குகின்றனர். தொடக்கநிலையில் இது தேவையற்றது. நசுங்காத, நடுத்தர விலையுள்ள ஒரே வகைக் குண்டைத் தொடர்ந்து பயன்படுத்தினால் போதும்.

துப்பாக்கியின் விலையைக் கணக்கிடும் பெற்றோர் குண்டின் செலவை மறந்துவிடுகின்றனர். ஒரு நாள் பயிற்சிக்கு 90 குண்டுகள், வாரம் நான்கு நாள், ஆண்டில் ஐம்பது வாரம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 18,000 குண்டுகள் ஆகின்றன. ஐந்நூறு அடங்கிய டப்பாக்கள் 36 தேவை. துப்பாக்கி ஒருமுறைச் செலவு. குண்டும் தளக் கட்டணமும் பயணமும் தொடர் செலவு. முதற்செலவில் கையிருப்பு முழுவதும் கரைந்துவிட்டால், விலையுயர்ந்த துப்பாக்கி பெட்டிக்குள் உறங்கும்.

இச்செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. குண்டின்றி விசையை மட்டும் அழுத்திப் பழகும் பயிற்சி ஒரு காசும் கேட்பதில்லை. வெற்றுச்சுவரையோ சிறு கறுப்புப் புள்ளியையோ நோக்கி நாள்தோறும் அரைமணி நேரம் பழகினால் நிலையும் மூச்சும் விசையழுத்தமும் சீர்படும். உலக வீரர்களும் இதைக் கைவிடுவதில்லை. பொதுத் துப்பாக்கியை மணிக்கணக்கில் பெற முடியாத மாணவர்க்கு இது பெருந்துணை.

சட்டமும் பாதுகாப்பும்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இத்துறையை ஒழுங்குபடுத்துகின்றன. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவே. ஐம்பது மீட்டர் பிரிவுக்குரிய 5.6 மில்லிமீட்டர் ரைபிள் வெடிமருந்துத் துப்பாக்கி ஆதலால் அதற்கு உரிமம் கட்டாயம். தொடக்கநிலையினர் காற்று ரைபிளிலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமம் வேண்டாம் என்பதால் அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. எட்டு ஜூல் ஆற்றல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. குழல்வாய் எப்போதும் இலக்கின் திசையை நோக்கியே இருத்தல் வேண்டும். சுடாத நேரத்தில் குழல் காலியாக உள்ளதைக் காட்டும் வண்ணக் கயிற்றைச் செருகி வைத்தல் வேண்டும். வீட்டில் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். ஈயம் நஞ்சு ஆதலால் குண்டுகளைத் தொட்டபின் கைகழுவாமல் உண்ணுதல் கூடாது. குண்டை வாயில் வைக்கும் பழக்கம் அறவே ஆகாது. கைகழுவும் குழாயும் சோப்பும் சுடுதளத்தில் இன்றியமையாத சாதனங்கள் என்றே கொள்ள வேண்டும்.

சாதனத்தை நம்பினும் சோதித்துப் பார்த்தல் நல்வீரருக்கு அழகு. பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்குமுன் பிந்த்ரா சுட்ட சோதனைக் குண்டு மையத்தை விட்டு வெகுவாக விலகிச் சென்றது. பார்வை பிசகியிருப்பதை உணர்ந்து, பதறாமல் திருகுகளைத் திருத்தி, போட்டியைத் தொடர்ந்தார். தம் கருவியைத் தாமே அறிந்திருந்தமையால்தான் அவ்விடுக்கணிலிருந்து அவர் மீள முடிந்தது. தொடக்கநிலையினரும் எத்தனை சொடுக்குக்குக் குண்டு எவ்வளவு நகர்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அக்குறிப்பேடே எல்லாச் சாதனங்களிலும் மலிவானது. பயனில் எதற்கும் குறைந்ததன்று.

பொது வசதியே வழி

வாங்கும் வரிசையைச் சுருங்கக் கூறின், முதலில் மன்ற உறுப்பினர் நிலையும் குறிப்பேடும், அடுத்துக் காலணியும் கையுறையும், பின்னர் மேலங்கி, அதன்பின் கால்சட்டை, இறுதியில், மதிப்பெண் நிலைபெற்று உடல்வளர்ச்சியும் ஓரளவு நின்றபின், துப்பாக்கி. இவ்வரிசையைப் பின்பற்றும் குடும்பம் முதலாண்டில் செய்யும் செலவு, துப்பாக்கியில் தொடங்கும் குடும்பத்தின் செலவில் சிறுபகுதியாகவே இருக்கும்.

ஆயினும் தனிக்குடும்பத்தின் சிக்கனத்தால் மட்டும் இவ்விளையாட்டு பரவிவிடாது. மாற்றியமைக்கத்தக்க பொதுத் துப்பாக்கிகள் நான்கும், காற்று நிரப்பும் பொறி ஒன்றும், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரும் கொண்ட பத்து மீட்டர் கூடம் ஒரு மாவட்டத்தின் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குப் பயன்படும். இதற்குப் பரந்த மைதானம் தேவையில்லை. பயன்படாது கிடக்கும் நீண்ட அறையே போதும். பிள்ளைகள் வளர வளர விட்டுச்செல்லும் மேலங்கிகளை மன்றமே பெற்று அடுத்தவர்க்குத் திருத்தித் தரும் ஏற்பாடும் எளிது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் காற்று ரைபிள் தங்கம் வென்றார். திறமை எவ்வூரிலும் பிறக்கும். அது வளர்வதற்கு வேண்டிய தளம் எல்லா ஊர்களிலும் இல்லை. சுடுதளத்தின் வாயில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கும் திறந்திருக்குமானால், பெற்றோர் கடன்பட்டுத் துப்பாக்கி வாங்க வேண்டிய நிலை எழாது. பிள்ளைக்கு அது வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்த நாளில், தெரிந்து தேர்ந்து வாங்கலாம்.